வெயிலுக்கு ஒதுங்கியவர்கள்

"மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவன்" என்று கல்லாதவனைக் குறித்து நம் நாட்டிலே ஒரு வழக்கு உண்டு. ஏளனமாகச் சொல்லப்படும் சொல்தான் அது. ஆயினும் அதற்குள்ளே ஒரு பெரிய நம்பிக்கை மறைந்திருக்கிறது. கல்வி நிலையத்துக்குள் ஒருவன் நுழைவதற்குக் கல்வியாசைதான் காரணமாக இருக்கவேண்டும் என்பதில்லை, மழையும் காரணமாகலாம். மழைக்கு ஒதுங்கி நின்றவன் காதிலும் நாலு எழுத்து விழக்கூடும் என்பதே அந்த நம்பிக்கை.

மழைக்கு ஒதுங்கியவன் கதை அவ்வாறானால், வெயிலுக்கு ஒதுங்குகிறவனைப் பற்றி நாம் என்ன சொல்வது? சித்திரை, வைகாசி மாதங்களில், நண்பகல் வேளையில், பல்கலைக் கழக நூல்நிலையம் ஒன்றுக்குள் நுழைந்து பாருங்கள். நாற்காலிகள் நிறைந்திருக்கும். தேர்வுக்குப் படிப்பவர் சிலர். ஆராய்ச்சி செய்பவர் சிலர். வெளியே எரிக்கும் வெயிலுக்குத் தப்பி வந்தவரும் அவர்களிடையே பலர் இருப்பர். "இவர்கள் படிக்க வந்தவர்கள் அல்லர், காற்று வாங்க வந்தவர்கள்" என்று நூல்நிலையத்தார் சிலர் முணுமுணுப்பதையும் நாம் கேட்டிருக்கிறோம். அந்த முணுமுணுப்பு நியாயந்தானா? வரலாற்றைத் துணைகொண்டு இதனைச் சிறிது ஆராய்வதே என் நோக்கம்.

முதலில் வெயில் என்பது எத்தகையது என்று பார்ப்போம். 2003ஆம் ஆண்டு மே மாதம் 31ஆம் நாள் சென்னையில் வெப்பம் 45 டிகிரி செல்சியஸை எட்டியது. பழைய கணக்கில் இது 113 டிகிரி பாரன்ஹீட் ஆகும். சென்னை கடற்கரை நகரமாயிற்றே, அங்கே இவ்வளவு வெப்பம் எப்படி வந்தது என்று கேட்கலாம். பகலில் நிலம் விரைவாகச் சூடேறுகிறது. கடல் மெதுவாகச் சூடேறுகிறது. நிலத்தின் மேலுள்ள சூடான காற்று எழும்ப, கடலின் மேலுள்ள குளிர்ந்த காற்று கரையை நோக்கி வருகிறது. இதுவே கடற்காற்று. ஆனால் மேற்கிலிருந்து வீசும் நிலக்காற்று வலுத்திருக்கும் நாட்களில் கடற்காற்று உள்ளே நுழையமாட்டாமல் தாமதிக்கிறது. அந்தத் தாமதத்திலேதான் நகரம் வேகிறது.

அத்தகைய வெப்பத்தில் உடல் மட்டுமா வாடுகிறது? அறிவும் வாடுகிறது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் 2016ஆம் ஆண்டுக் கோடையில் 44 மாணவர்களைக் கொண்டு ஓர் ஆராய்ச்சி நடத்தினார்கள். சிலர் குளிரூட்டப்பட்ட விடுதிகளில் இருந்தனர். மற்றவர் அவ்வசதி இல்லாத விடுதிகளில் இருந்தனர். நாள்தோறும் காலையில் அவர்களுக்குச் சிறு சிறு அறிவுச் சோதனைகள் வைக்கப்பட்டன. வெப்பமான அறைகளில் உறங்கி எழுந்தவர்கள் விடையளிக்க ஏறத்தாழ 13 விழுக்காடு அதிக நேரம் எடுத்துக்கொண்டனர். 2018இல் வெளிவந்த முடிவு இது. அவர்கள் நோயாளிகள் அல்லர், முதியவர்களும் அல்லர். நல்ல உடல்நலமுள்ள இளைஞர்களே. ஆகவே, படிக்க விரும்பும் மாணவன் குளிர்ச்சியான இடத்தைத் தேடுவதைச் சோம்பல் என்று ஒதுக்கிவிட முடியாது.

இனி நூல்நிலையத்தின் பக்கம் வருவோம். வெப்பத்துக்கும் நூல்நிலையத்துக்கும் உள்ள வழக்கு மிகப் பழமையானது. கி.மு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், நூல்நிலையம் கிழக்கு நோக்கி இருக்கவேண்டும் என்று எழுதி வைத்தார். காலை வெளிச்சம் படிப்புக்கு உதவும் என்பது ஒரு காரணம். தெற்கும் மேற்கும் நோக்கிய அறைகளில் ஈரக்காற்றும் புழுக்களும் நூல்களைக் கெடுத்துவிடும் என்பது மற்றொரு காரணம். இன்றைய துருக்கி நாட்டில் எபேசஸ் என்ற பழைய நகரத்தின் இடிபாடுகள் இருக்கின்றன. அங்கே கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் செல்சஸ் என்பவர் நினைவாக அவர் மகன் எழுப்பிய நூல்நிலையத்தின் முகப்பை இன்றும் காணலாம். அதுவும் கிழக்கு நோக்கியே நிற்கிறது. சுருள் ஏடுகள் வைத்திருந்த சுவருக்கும் வெளிச்சுவருக்கும் இடையே ஓர் இடைவெளி விட்டுக் கட்டியிருக்கிறார்கள். வெளியிலுள்ள வெப்பமும் ஈரமும் ஏடுகளை நேரே தாக்காமல் அந்த இடைவெளி காத்தது.

இந்தச் செய்திகளில் ஒன்றைக் கவனிக்கவேண்டும். இந்த ஏற்பாடுகளில் பெரும்பகுதி ஏட்டின் நலத்துக்காகவே செய்யப்பட்டது. படிக்க வரும் மனிதனுடைய வசதி அதற்கு அடுத்தபடிதான். குளிர்நாடுகளிலும் இதே கதைதான். ஆக்ஸ்பர்டில் பாட்லியன் நூல்நிலையம் 1602இல் திறக்கப்பட்டது. அங்கே நுழைபவர்கள் நெருப்பைக் கொண்டுவர மாட்டோம் என்று உறுதிமொழி கொடுக்கவேண்டும். 1845ஆம் ஆண்டு வரை அங்கே குளிருக்குக் கணப்பு வசதி கிடையாது. இருநூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பேரறிஞர்கள் விரல் விறைக்க விறைக்க உட்கார்ந்து படித்தார்கள். நூல் எரிந்துவிடக் கூடாது. ஆகவே படிப்பவன் நடுங்கினாலும் பாதகமில்லை என்பது அக்கால நீதி.

நம் நாட்டிலே அந்த நீதி எவ்வாறு நடந்தது? சென்னைக் கடற்கரைச் சாலையில் நடந்து செல்லுங்கள். 1870இல் திறக்கப்பட்ட மாநிலக் கல்லூரிக் கட்டடம் இருக்கிறது. சிஸம் என்ற கட்டடக் கலைஞர் 1870களில் எழுப்பிய பல்கலைக் கழகச் செனட் மண்டபம் இருக்கிறது. கனத்த செங்கற் சுவர்கள், உயர்ந்த கூரை, வெயில் அறைக்குள் விழாதபடி சுற்றி ஓடும் தாழ்வாரங்கள் - இவை அக்காலக் கட்டடங்களின் பொது இலக்கணம். கனத்த சுவர் பகல் வெப்பத்தை மெல்ல மெல்லத்தான் உள்ளே விடும். சூடான காற்று உயர்ந்த கூரையை நோக்கி எழும்பிவிட, கீழே உட்கார்ந்திருப்பவனுக்குச் சிறிது ஆறுதல் கிடைக்கும்.

மற்றொரு முறையும் வழக்கில் இருந்தது. வெட்டிவேர்த் தட்டிகளை வாசலிலும் சன்னலிலும் கட்டி, நீர் தெளித்து வைப்பார்கள். காற்று அதன் வழியே வரும்போது நீர் ஆவியாகிறது. ஆவியாகும் நீர் வெப்பத்தைத் தன்னோடு கொண்டு போகிறது. மணமுள்ள குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. மனிதனுக்கு இது இனியது. நூலுக்கோ இது நஞ்சு! ஈரம் பட்ட தாளில் பூஞ்சணம் பூக்கும். பசையும் தோலும் கெடும். மனிதனைக் குளிர்விக்கும் ஈரமே புத்தகத்தை அழிக்கிறது. ஆகவே, வெப்பநாட்டு நூல்நிலையத்தில் மனிதனுக்கும் நூலுக்கும் நெடுங்காலம் ஒரு பிணக்கு இருந்துவந்தது.

இந்த இடத்தில் என் சொந்த அனுபவம் ஒன்றைக் கூற அனுமதிக்க வேண்டுகிறேன். நான் கல்லூரி மாணவனாக இருந்த நாட்களில், எங்கள் விடுதியில் எனக்குக் கிடைத்தது மேல்மாடி அறை. பகல் பதினொரு மணிக்குமேல் அதற்குள் இருக்க முடியாது. நானும் நண்பர் இருவரும் பல்கலைக் கழக நூல்நிலையத்துக்குப் போய்விடுவோம். அங்கே குளிரூட்டும் பொறி கிடையாது, மின்விசிறிகள்தாம். விசிறிக்கு நேர்கீழே உள்ள இருக்கைகள் எப்போதும் முதலில் நிரம்பும். விசிறிக் காற்றில் ஏடுகள் படபடக்கும். ஒரு கனத்த அகராதியைப் பக்கத்தின் ஓரத்தில் வைத்துத்தான் படிக்கமுடியும். கையில் நூல் இல்லாமல் சும்மா உட்கார்ந்திருக்க எனக்கு மனம் வரவில்லை. அருகிலிருந்த அடுக்கு வரலாற்று அடுக்கு. அதிலிருந்து ஏதோ ஒரு நூலை எடுத்து வந்தேன். பழைய சென்னையைப் பற்றிய நூல் அது. திறந்த பக்கத்தில் பனிக்கட்டிக் கப்பல்களைப் பற்றி எழுதியிருந்தது. வெயிலுக்கு ஒதுங்கிய எனக்கு அதைவிடப் பொருத்தமான பக்கம் வேறு ஏது? மாலை மணி அடிக்கும் வரை நான் எழுந்திருக்கவில்லை. நான் வரலாறு பயின்றதற்கு அந்தப் பிற்பகலும் ஒரு காரணம்.

அந்தப் பனிக்கட்டியின் கதையை நீங்களும் கேட்கவேண்டும். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் பிரடெரிக் டியூடர் என்றொரு வணிகர் இருந்தார். குளிர்காலத்தில் அங்குள்ள ஏரிகள் உறைந்துவிடும். அந்தப் பனிக்கட்டியைப் பாளம் பாளமாக அறுத்து, மரத்தூளில் பொதிந்து, வெப்ப நாடுகளுக்குக் கப்பலில் அனுப்பி விற்றார். 1833இல் டஸ்கனி என்ற கப்பல் 180 டன் பனிக்கட்டியோடு புறப்பட்டு, ஏறத்தாழ நான்கு மாதம் கடலில் சென்று, கல்கத்தாவை அடைந்தது. வழியில் உருகியது போக ஏறத்தாழ 100 டன் மிஞ்சியது. 1842இல் சென்னையிலும் பனிக்கட்டியைச் சேமிக்க ஒரு கிடங்கு கட்டினார்கள். பல்கலைக் கழகம் இருக்கும் அதே கடற்கரைச் சாலையில், சற்றுத் தெற்கே, வட்ட வடிவ முகப்போடு அக்கட்டடம் இன்றும் நிற்கிறது. ஐஸ் ஹவுஸ் என்று மக்கள் இன்றும் வழங்கும் அந்த வீட்டில்தான், 1897இல் சுவாமி விவேகானந்தர் தங்கியிருந்தார். இப்போது அது விவேகானந்தர் இல்லம். இந்தியாவிலேயே பொறிகளைக் கொண்டு பனிக்கட்டி செய்யத் தொடங்கியபின் அந்தக் கப்பல் வாணிகம் மறைந்துபோயிற்று.

அந்தப் பனிக்கட்டி யாருக்குக் கிடைத்தது? விலை கொடுக்க வல்லவர்களுக்கு மட்டுமே. அதே கடற்கரையில் வலை இழுத்தவனுக்கும், அந்தப் பாளங்களைக் கரையிலே சுமந்து இறக்கிய கூலியாளுக்கும் அதன் குளிர்ச்சி கையில் பட்ட அளவுதான். குளிர்ச்சி அன்று ஒரு விற்பனைப் பொருள்.

அடுத்த மாறுதல் எங்கிருந்து வந்தது தெரியுமா? தாளிலிருந்து வந்தது! 1902ஆம் ஆண்டு நியூயார்க்கைச் சேர்ந்த புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்குப் பெருந்தொல்லை ஏற்பட்டது. வண்ணப் படம் அச்சிடும்போது ஒவ்வொரு வண்ணத்தையும் தனித்தனியாக அச்சிடுவார்கள். கோடையில் காற்றின் ஈரத்தை உறிஞ்சித் தாள் விரியும். ஈரம் குறைந்தால் சுருங்கும். அதனால் ஒரு வண்ணத்தின் மேல் மற்றொரு வண்ணம் சரியாகப் பொருந்தவில்லை. இதற்கு வழி காணும் பணி வில்லிஸ் கேரியர் என்ற இருபத்தைந்து வயதுப் பொறியாளரிடம் வந்தது. குளிர்ந்த குழாய்களின் மேல் காற்றைச் செலுத்தினால் காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளிகளாகப் படிந்துவிடும். காற்றும் உலர்ந்து குளிரும் என்று அவர் கணக்கிட்டார். இன்று நாம் காணும் குளிரூட்டும் பொறிக்கு அதுவே மூலம். வெட்டிவேர்த் தட்டி ஈரத்தைச் சேர்த்துக் குளிர்வித்தது. இந்தப் பொறியோ ஈரத்தை நீக்கிக் குளிர்விக்கிறது. நான் முன்னே சொன்ன மனிதனுக்கும் நூலுக்கும் உள்ள பிணக்கு இங்கேதான் தீர்ந்தது. தாளைக் காப்பதற்காகப் பிறந்த குளிர்ச்சி மனிதனுக்கும் இனிதாயிற்று.

பொறி பிறந்தது, ஆனால் மனப்பான்மை மாறவேண்டாமா? வாயிலைத் திறந்துவிடும் மனப்பான்மை இல்லாவிட்டால் எவ்வளவு குளிர்ச்சி இருந்தும் என்ன பயன்? அந்த மாறுதலுக்கு உழைத்தவர்களில் தலைசிறந்த ஒருவர் நம்மவர் என்பது நாம் பெருமைப்படத் தக்கது. சீர்காழியில் 1892இல் பிறந்த சீ. இரா. அரங்கநாதன் மாநிலக் கல்லூரியில் கணித ஆசிரியராக இருந்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக் கழகத்தின் முதல் நூலகராக அமர்த்தப்பட்டார். அந்தத் தனிமை அவருக்குப் பிடிக்கவில்லை. மீண்டும் வகுப்பறைக்கே போய்விட விரும்பினார். ஆனால் பயிற்சிக்காக இங்கிலாந்து சென்று பல நூல்நிலையங்களைக் கண்டு திரும்பியபோது அவர் வேறு மனிதராக இருந்தார். நூல் பூட்டி வைத்துக் காக்கும் பொருளன்று. பயன்பட வேண்டிய பொருள் என்பதை 1931இல் வெளியிட்ட தம் நூலில் முதல் விதியாகவே வகுத்தார். அந்த விதியை விளக்கும்போது அவர் எதைப் பற்றிப் பேசுகிறார்? நூல்நிலையம் அமைந்திருக்கும் இடம், அது திறந்திருக்கும் நேரம், அங்குள்ள இருக்கைகள், பணியாளரின் முகமலர்ச்சி - இவற்றைப் பற்றி விரிவாகப் பேசுகிறார். உடலுக்கு இடந்தராத நூல்நிலையம் அறிவுக்கும் இடந்தராது என்பதை உணர்ந்தவர் அவர். வாசகர்கள் தாமே அடுக்குகளுக்குச் சென்று விரும்பிய நூலை எடுத்துப் பார்க்கும் முறையையும் அவர் சென்னையில் கொண்டுவந்தார்.

1936இல் பல்கலைக் கழக நூல்நிலையம் கடற்கரைச் சாலையில் தன் சொந்தக் கட்டடத்துக்கு வந்தது. ஒருகாலத்தில் குளிர்ச்சியை விலைக்கு விற்ற அதே சாலையில், மாணவன் விலையின்றிச் சென்று அமரத்தக்க நிழல் ஒன்று எழுந்தது என்று சொல்லலாம். 1948இல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. அதற்குப் பின்னாலும் அரங்கநாதனின் உழைப்பே இருந்தது. பல்கலைக் கழகத்தின் கதவு மாணவனுக்குத் திறந்தது போலப் பொதுமக்களுக்கும் கதவு திறக்கவேண்டும் என்பது அவர் கருத்து.

பொதுமக்களுக்குக் கதவு திறப்பது ஏன் உயிர்ப் பிரச்சினையாகிறது என்பதை ஒரு நிகழ்ச்சி காட்டும். 1995 சூலை மாதத்தில் அமெரிக்காவின் சிக்காகோ நகரத்தைக் கடும் வெப்பம் தாக்கியது. சில நாட்களுக்குள் 700 பேருக்கு மேல் மாண்டனர். இறந்தவர்களில் பலர் தனித்து வாழ்ந்த முதியவர்கள்; பூட்டிய அறைகளுக்குள், சன்னலைத் திறக்கவும் அஞ்சி இருந்தவர்கள். சமூகவியல் அறிஞர் எரிக் கிளைனன்பர்க் இதனை ஆராய்ந்து 2002இல் ஒரு நூல் வெளியிட்டார். வறுமையில் ஒத்த இரண்டு பகுதிகளுள், மக்கள் வெளியே வந்து கடைவீதியிலும் பொது இடங்களிலும் கூடிப் பழகிய பகுதியில் இறப்புக் குறைவாக இருந்ததை அவர் கண்டார். பின்னர் 2018இல் எழுதிய மற்றொரு நூலில், நூல்நிலையம் போன்ற பொது இடங்களே ஒரு நகரத்தின் உயிர்நாடி என்று வாதிட்டார். குளிர்ந்த அறை எங்கேயோ இருந்தால் போதாது. கூச்சமின்றி நுழைவதற்கு ஒரு காரணமும் அங்கே வேண்டும். நூல்நிலையம் அந்தக் காரணத்தைத் தருகிறது. அங்கே போகிறவன், "நான் வெயிலுக்குத் தாங்காதவன்" என்று சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை. "நான் படிக்கப் போகிறேன்" என்று சொல்லித் தலைநிமிர்ந்து போகலாம்.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியதையும் நாம் மறைக்க வேண்டாம். குளிரூட்டும் பொறி வெப்பத்தை அழிப்பதில்லை. உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியே தள்ளுகிறது. அதற்கு மின்சாரமும் செலவாகிறது. ஒவ்வொருவரும் தத்தம் வீட்டில் ஒரு பொறியை வைத்துக்கொண்டால் தெரு மேலும் சூடாகும். பொறி வாங்க இயலாதவன் அந்தத் தெருவில்தான் நடப்பான். ஆனால் இருநூறு பேர் இருநூறு அறைகளைக் குளிர்விப்பதைவிட, ஒரு மண்டபத்தில் கூடி உட்கார்வது சிக்கனமன்றோ? மரத்து நிழலிலும் சாவடித் திண்ணையிலும் ஊரார் கூடியிருந்த நம் பழைய வழக்கத்துக்கு இது புதிதன்று.

சென்னைக் கோட்டூர்புரத்தில் 2010இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகமும், மதுரையில் 2023இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகமும் குளிரூட்டப்பட்ட பெரிய மண்டபங்கள். அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்த நூலைக் கொண்டுவந்து படிப்பதற்கும் இடம் உண்டு. வீட்டிலே தனியறை இல்லாத எத்தனையோ இளைஞர்கள் அங்கே அமர்ந்து தேர்வுகளுக்குப் படிக்கிறார்கள். அவர்களில் எவர் நூலுக்காக வந்தவர், எவர் காற்றுக்காக வந்தவர் என்று வாயிலில் நின்று பிரிக்க யாரால் முடியும்? பல நேரங்களில் அவர்களுக்கே தெரியாது.

மாணவ நண்பர்களே! வருகின்ற கோடையில் உங்கள் பல்கலைக் கழக நூல்நிலையத்துக்குத் தயங்காமல் செல்லுங்கள். வெயிலுக்காகத்தான் போகிறோம் என்று வெட்கப்பட வேண்டாம். அங்கே போனபின் மூன்று கடமைகள் உங்களுக்கு உண்டு. உரக்கப் பேசிப் பிறர் படிப்பைக் கெடுக்கக் கூடாது. வேறொருவருக்கு இருக்கை இல்லாதபோது உறங்கிக்கொண்டிருக்கக் கூடாது. மூன்றாவது, அருகிலுள்ள அடுக்கிலிருந்து ஏதாவது ஒரு நூலை எடுத்து, அதன் ஒரு பக்கத்தையாவது திறந்து பார்க்கவேண்டும். நூல்நிலையத்தாருக்கும் ஒரு விண்ணப்பம்: வெயிலுக்கு ஒதுங்கி வருகிறவனை விரட்டாதீர்கள். அவன் எடுக்கக்கூடிய தூரத்தில் நல்ல நூல்களை அடுக்கி வையுங்கள். மற்றதை அந்த நீண்ட பிற்பகல் பார்த்துக்கொள்ளும்.